பத்தரை மணிக்கு மேல் சாப்பாடு

தமிழ்நாட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டரை மணிக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் இலை போட்டுச் சோறு வைக்க நாலு மெஸ் இருக்கும். காலை டிபனுக்கும் கவலையில்லை. இரவு ஒன்பது மணி வரைகூடப் பாதகமில்லை. ஊரின் உண்மையான குணம் பத்தரைக்கு மேல்தான் தெரியும். அந்த நேரத்தில் தோளில் பையோடு தனியாக நடந்து வரும் வெளியூர்க்காரனுக்குச் சூடாக என்ன கிடைக்கிறது என்பதை வைத்தே ஓர் ஊரை எடைபோட்டுவிடலாம். எடைபோடும் சமாச்சாரம் என் தொழில் என்பதால் கொஞ்சம் துணிந்தே சொல்கிறேன்.

லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மண்டி, அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, கல் குவாரி, துறைமுகம் என்று சரக்கு நகரும் இடமெல்லாம் ஓர் எடைமேடை இருக்கும். பகலில் அதன்மேல் லாரி ஏறிக்கொண்டே இருப்பதால் கை வைக்க விடமாட்டார்கள். “சாயங்காலம் லோடு குறையட்டும் சார், அப்புறம் பாத்துக்கலாம்” என்பார் மேனேஜர். லோடு குறைய ஏழு மணியாகும். அதற்குப் பிறகு மேடைக்கு அடியில் இறங்கி, எலி கடித்த கேபிளைத் தேடிப் பிடித்து மாற்றி, ஓரத்தில் ஓர் எடை நடுவில் ஓர் எடை என்று காட்டாதபடி லோடு செல்களைச் சரிக்கட்டி, இருபது கிலோ எடைக்கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து முடிப்பதற்குள் மணி பத்தைத் தாண்டிவிடும். கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நிமிரும்போதுதான் வயிறு ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

அந்த நேரத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் பையனிடம் கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான். “பக்கத்துல ஒரு நல்ல ஓட்டல் இருக்கு சார். ஆனா பத்து மணிக்கே க்ளோஸ் பண்ணிடுவாங்க.” நம்பிக்கையோடு போய்ப் பார்த்தால், சைவ ஓட்டலில் பாதி நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். பினாயில் வாசனையோடு தண்ணீர் வாசல்வரை ஓடி வரும். கல்லாவில் இருப்பவர் நம்மைப் பார்க்காமல் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பார். உள்ளே விட்டால், “தோசை மட்டும்தான் சார்” என்று சப்ளையர் நின்றபடியே சொல்வார். சரக்கு மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார், தோசைக் கல்லில் மட்டும் சூடு மிச்சமிருக்கிறது என்று அதற்குப் பொருள். வரும் தோசையும் காலையில் அரைத்த மாவு இரவுவரை புளித்த புளிப்போடு, ஓரம் சுருண்டு வரும். சாம்பார் பாத்திரத்தில் கரண்டி விட்டால் அடி தட்டும்.

கம்பெனி கொடுக்கும் பேட்டாவில் பெரிய ஓட்டலுக்குப் போக முடியாது. போனாலும், பத்தரைக்கு மேல் அங்கேயும் சமையற்கட்டை மூடிவிட்டு, சாண்ட்விச்சும் வறுத்த முந்திரியும் மட்டும் தருவார்கள். செல்போன் ஆப்பில் வரவழைக்கலாம்தான். கோவை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து ஆலைகளுக்கும் தாலுகா தலைநகரங்களுக்கும் அந்த நேரத்தில் கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், பரோட்டா பார்சலாக வந்து சேர்வதற்குள் தன் ஆவியிலேயே வெந்து தோல் போலாகிவிடும். இட்லி தப்பிக்கும், பரோட்டா தப்பிக்காது.

இந்தத் தொழிலில் எனக்கு முன்னால் இருந்த மூத்தவர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். “ராத்திரி எங்க சாப்பாடு கிடைக்கும்னு கேக்காதப்பா. ராத்திரி இங்க யாரு வேலை பாக்குறாங்கன்னு கேளு.” சுமை தூக்குகிறவர், லாரி ஓட்டுகிறவர், ஷிப்ட் முடித்து வருகிறவர், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர் என்று இரவில் விழித்திருக்கும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கூட்டம் பசியோடு தூங்கப் போவதில்லை. அவர்களுக்கென்று எங்கோ ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வெளியூர்க்காரனின் சாமர்த்தியம்.

ஈரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் இரவும் மற்ற கொங்கு ஊர்களைப் போலவே சீக்கிரம் அடங்கிவிடும். திங்கட்கிழமை இரவு மட்டும் ஊரே வேறு. பன்னீர்செல்வம் பூங்காவை ஒட்டிய கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்கும். கேரளம், ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து மொத்த வியாபாரிகள் வருவார்கள். லுங்கி, துண்டு, நைட்டி, பெட்ஷீட் என்று மூட்டை மூட்டையாக இறங்கும். அந்த இரவில் ஈரோட்டில் வேலை விழுந்தால் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தள்ளுவண்டிகளில் பள்ளிபாளையம் சிக்கன் வாசனை இழுக்கும். காவிரிக்கு அக்கரையில் உள்ள ஊரின் பெயர் அது. மசாலாப் பொடி எதையும் கொட்டாமல், சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கிய கறி. கூடவே ஒரு கலக்கி. முட்டையைக் கொஞ்சம் சால்னாவோடு அடித்துக் கல்லில் ஊற்றி, வேகும்போதே சுருட்டி, நடுவில் பதமாக இளகி நிற்கும்போது எடுத்துப் போடுவார்கள். அதை ருசிக்க ஈரோடு, கோவைப் பக்கம்தான் வரவேண்டும். “இன்னொன்னு போடட்டுங்களாண்ணா?” என்று கேட்கும் மரியாதையும் இந்தப் பக்கத்துக்கே உரியது. கடைக்காரர் பையனுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஆனால் எழுபது வயதுக்காரர் வந்தாலும் அதே “அண்ணா”தான்.

தெற்கே விருதுநகர். பருப்பும் மிளகாயும் மல்லியும் எண்ணெயும் கைமாறும் ஊர். “விருதுநகர் மார்க்கெட் நிலவரம்” என்று பத்திரிகைகளில் விலைப் பட்டியல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர் சிறியதுதான், ஆனால் சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும் இரவிலும் உண்டு. இங்கே பரோட்டாவைக் கல்லில் வாட்டி எடுப்பதோடு விடமாட்டார்கள். பெரிய வட்டமான கல்லின் நடுவில் எண்ணெய் தேங்கி நிற்கும். அதில் பரோட்டாவை இறக்கிப் பொன்னிறமாகப் பொரித்து எடுப்பார்கள். எண்ணெய்ப் பரோட்டா என்று பெயர். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இலையில் அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவைக் கேட்டு வாங்கி ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் மொறுமொறுப்பு மட்டும் கிடைக்கும். தாமதித்தால் கூழாகிவிடும். அந்த ஒரு நிமிடம் உள்ளூர்க்காரர்களுக்குக் கை கணக்கு. பக்கத்து இலையைப் பார்த்துச் செய்தால் போதும்.

தூத்துக்குடியில் இதையே பொரிச்ச பரோட்டா என்பார்கள். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்ட பிறகு கன்டெய்னர் லாரிகளும் ட்ரெய்லர்களும் ஊரைவிட்டு நகர்வதே இல்லை. உப்பளங்களில் விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். இப்படி இரண்டு பக்கமும் விழித்திருக்கும் ஊரில் கடை எப்படி மூடும்? மாலையில் கடை போட்டு இரவில் நடத்தும் பரோட்டாக் கடைகளுக்கு இந்த ஊர்ப் பெரியவர்கள் ‘நைட் கிளப்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அப்படியொரு கடையில் வழக்கமாக உட்காரும் இடம் எனக்கு உண்டு. கல்லுக்கு நேர் எதிரே இருக்கும் பெஞ்சு.

அங்கிருந்து பார்த்தால் மாஸ்டரின் வேலை முழுக்கத் தெரியும். ஈரத்துணிக்கு அடியில் மைதா உருண்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். ஒன்றை எடுத்து மேடையில் தட்டிப் பரப்பி, இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வீசுவார். மாவு காற்றில் விரிந்து மேசையில் விழும்போது கீழே இருக்கும் மரம் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். அதன்மேல் எண்ணெய் தெளித்து, கொசுவம் போல் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, சுருட்டி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். வெந்த பரோட்டாக்களை ஐந்தாறாக அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அறைவார். அந்த அடியில்தான் ஏடு ஏடாகப் பிரியும். நான் பார்த்த வரையில், அடிக்காமல் அப்படியே எடுத்து வைக்கும் கடையில் இரண்டாவது தடவை சாப்பிட ஆள் வருவதில்லை.

“அண்ணாச்சி, நாலு போடவா, ஆறு போடவா?” என்றுதான் கேட்பார். இரண்டு என்று சொன்னால் உடம்பு சரியில்லையோ என்று பார்ப்பார். லாரி டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கே போகிறார், எந்தத் துறைமுகக் கேட்டில் எத்தனை மணிநேரம் காத்திருந்தார், டயர் விலை எப்படி ஏறிவிட்டது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே எட்டு பரோட்டாவை முடித்துவிட்டு எழுந்து போவார். பெயர் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. தனியாகச் சாப்பிடும் கூச்சம் இந்த மாதிரி பெஞ்சில் யாருக்கும் வராது. நாலு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்தால்தான் சப்ளையரின் கண் நம்மேல் இருக்கும். பெஞ்சில் எல்லாரும் தனி ஆள்தான்.

செங்கோட்டைப் பக்கம் போனால் இன்னொரு விதம். தென்காசியிலிருந்து கேரளம் போகும் லாரிகளெல்லாம் புளியரை வழியாக ஆரியங்காவு கணவாயில் ஏறுகின்றன. அந்த வழியில் பிரானூர் பார்டர். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லை நகர்ந்து எத்தனையோ வருஷமாகியும் ‘பார்டர் கடை’ என்ற பேர் நகரவில்லை. பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும் இப்போது தமிழ்நாடு முழுக்கப் பெயர்ப்பலகையில் இருக்கின்றன. குற்றால சீசனில் இங்கே காத்திருந்துதான் இலை பிடிக்க வேண்டும். சீசன் இல்லாத மழைநாளில், லாரிகளுக்கு நடுவே, மலைக்காற்று குளிராக இறங்கும்போது இரவில் போய் உட்கார்ந்தால் அந்தக் கடைகள் எதற்காக வந்தன என்பது தெரியும். பரோட்டா உள்ளங்கை அளவுதான் இருக்கும், மிருதுவாக இருக்கும். மிளகு தூக்கலான கோழி வறுவல் சளியையும் தூக்கத்தையும் சேர்த்து விரட்டும். மலை ஏறப்போகும் டிரைவருக்கு அந்த இரண்டும் தேவை.

மதுரையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். தூங்கா நகரம் என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது, ஆனால் பொய்யில்லை. பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டு சந்தை நடந்த ஊர். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி இந்த ஊரின் இரவை யாமம் யாமமாக வருணிக்கிறது. இரவு முதிர்ந்த நேரத்தில் அடையும் மோதகமும் விற்ற கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிவிழுவதாக ஓர் இடம் அதில் வருகிறது. சங்க காலத்துப் புலவருக்கும் மதுரையில் நள்ளிரவு வரை பலகாரம் கிடைத்திருக்கிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இன்றைக்கும் மாட்டுத்தாவணியில் எந்நேரமும் பஸ் உண்டு. அதை ஒட்டிய காய்கறி மார்க்கெட்டுக்கு இரவில்தான் லோடு வந்து இறங்கும். பூ மார்க்கெட்டில் விடியுமுன் மல்லிகை வந்துவிடும். இவ்வளவு பேர் இரவில் நடமாடும் ஊரில் அடுப்பு அணைவது எப்படி?

சிம்மக்கல்லில் கோனார் கடைக் கறி தோசைக்கு ஊரைச் சுற்றி ஆட்கள் வருவார்கள். ஊத்தப்பம் போல் கனமாக மாவை ஊற்றி, மேலே முட்டையை உடைத்துத் தேய்த்து, ஏற்கெனவே வெந்து மசாலாவில் புரண்ட ஆட்டுக்கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் மறுநாள் மத்தியானம்வரை தாங்கும். அதனால் மறுநாள் காலை எடைமேடைக்கு அடியில் குனிந்து வேலை பார்க்க வேண்டியிருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. அப்போது எனக்கு இட்லிதான்.

நடுராத்திரி இட்லிக்கு மதுரைதான் பேர் போனது. வேறு ஊர்களில் இட்லி பெரும்பாலும் காலைப் பலகாரம். அல்லது இரவில் வயிறு சரியில்லாதவர் சாப்பாடு. இங்கே பதினொன்றரை மணிக்கும் இட்லித் தட்டிலிருந்து ஆவி பறக்கும். மேலமாசி வீதிப் பக்கம் தொடங்கிய முருகன் இட்லி கடை இன்று சென்னையிலும் வெளிநாட்டிலும் கிளை விரித்திருக்கிறது. என்னைக் கேட்டால் பெயர்ப்பலகை இல்லாத தள்ளுவண்டியைச் சொல்வேன். ஆஸ்பத்திரி வாசல் பக்கம் ஓர் அக்கா கடை போடுகிறார். துணி விரித்த இட்லித் தட்டு, மூன்று கிண்ணத்தில் மூன்று சட்னி, ஒரு சின்னப் பானை சாம்பார். நாம் போய் நின்றதும் கையால் சைகை காட்டுவார். “இருங்கண்ணே, அடுத்த ஈடு இப்ப இறங்கும்.” அவசரப்பட்டு முந்தைய ஈட்டில் மிச்சமிருப்பதைத் தள்ளிவிடமாட்டார். ஆவி அடங்க ஒரு கணம் விட்டு, துணியில் தண்ணீர் தெளித்து இட்லியைப் பிரிப்பார். துணியில் ஒரு பருக்கை ஒட்டாது. இலைத் துண்டில் நாலு இட்லி, அதன்மேலேயே தக்காளிச் சட்னி, ஓரத்தில் தேங்காய்ச் சட்னி. நின்றுகொண்டே சாப்பிடலாம். கேட்காமலே சட்னி மறுபடி விழும்.

ஆஸ்பத்திரி வாசல் என்ற சூத்திரத்தை எனக்குச் சொன்னவர் எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி. மென்பொருள் பொருத்த அவரும் ஊர் ஊராகப் போவார். பெண்ணாகத் தனியே பத்தரைக்கு மேல் கடை தேடுவதில் உள்ள கஷ்டம் எங்களுக்குப் புரியாது என்று சொல்லி, அவர் வைத்திருக்கும் விதிகளைச் சொன்னார். முதல் விதி, அரசு மருத்துவமனை எந்தத் திசை என்று ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துகொள்வது. மதுரையில் பனகல் சாலையில் உள்ள ராஜாஜி அரசு மருத்துவமனை போல, எந்த மாவட்டத் தலைநகரிலும் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இரவு முழுக்க டீயும் இட்லியும் பன்னும் கிடைக்கும். நோயாளிக்குத் துணை வந்த அம்மாக்களும் அக்காக்களும் தூக்குவாளியோடு அங்கே நிற்பார்கள். “பொம்பளைங்க நாலு பேர் நிக்கிற கடைதான் எனக்கு கடை” என்றார். இரண்டாவது விதி, வெளிச்சமாக இருக்கும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து மேசை. மூன்றாவது, வேலை இழுக்கும் என்று தெரிந்தால் எட்டு மணிக்கே இட்லியோ சப்பாத்தியோ பார்சல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது. இந்த மூன்றாவது விதி அவருக்கு வேண்டியிருப்பதே நம் ஊர்களுக்குப் பெருமை இல்லை.

எந்த ஊரிலும் நம்பக்கூடாத சாப்பாடு ஒன்று உண்டு. இரவு பஸ் நிற்கும் நெடுஞ்சாலை மோட்டல். இரவுப் பயணத்தில் பழகியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தூங்கிக்கொண்டிருக்கும் பயணிகளைப் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டி எழுப்புவார்கள். உள்ளே ஒலிபெருக்கியில் பழைய பாட்டு அலறும். எப்போதோ சுட்டு அடுக்கிய தோசை, பெயருக்குச் சட்னி, வெளியே இருப்பதைப் போல் ஒன்றரை மடங்கு விலை. இருட்டில் ஊர் பேர் தெரியாத அந்த இடத்தில் வேறு கடை கிடையாது என்பதுதான் அவர்களுடைய முதல். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உள்ளே தனி அறையில் தனிச் சாப்பாடு நடக்கும். அவர்கள் சாப்பிடுவதும் நாம் சாப்பிடுவதும் ஒரே அடுப்பில் வந்ததில்லை என்பது இலையைப் பார்த்தாலே தெரியும். அங்கே தண்ணீர் பாட்டிலும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, ஊருக்குள் போய்ச் சாப்பிடுவது உத்தமம். லாரி டிரைவர்கள் சொந்தக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் நிறுத்தும் கடைக்கும் பஸ் நிறுத்தும் கடைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

புது ஊரில் புதுக் கடையை நிதானிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பரோட்டாக் கடையில் ஈரத்துணிக்கு அடியில் உருண்டை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சூடாக வரும். உருண்டை தீர்ந்து, அடுக்கி வைத்த பரோட்டா மட்டும் இருந்தால், அதைக் கொத்து போடச் சொல்லிவிடுங்கள். கொத்துக்கு ஆறிய பரோட்டாவே தோது. சால்னாப் பாத்திரம் அடுப்பின்மேல் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே இறக்கி வைத்திருந்தால் அதைக் கேட்காமல் ஒரு ஆம்லெட்டோடு முடித்துக்கொள்வது நல்லது. முட்டை நம் கண்ணெதிரே உடைபடுவதால் இரவு நேரத்தில் அதைப் போல நம்பகமானது வேறில்லை. பதினொரு மணிக்கு மேல் பிரியாணி என்று கூப்பிட்டால், அண்டா அடியில் மிஞ்சியதா, புதிதாகத் ‘தம்’ உடைத்ததா என்று ஆவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிவப்பாகக் குவித்து வைத்திருக்கும் சிக்கன் 65 சாயங்காலமே ஒரு தடவை பொரிந்தது. நமக்காக இன்னொரு தடவை எண்ணெயில் குதிக்கும். அதை வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. குடிக்க வெந்நீர் கேளுங்கள். கேட்டவுடன் கொடுக்கிற கடையில் மற்றதெல்லாமும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இன்னொன்று, பேச்சு. கடைசி நேரத்தில் போய் நின்று பட்டியல் போட்டுக் கேட்கக்கூடாது. “என்ன இருக்குண்ணே?” என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வியில் பாதிச் சாப்பாடு இருக்கிறது. இல்லாததைச் சொல்லி வருத்தப்பட வேண்டிய சங்கடம் கடைக்காரருக்கு மிச்சம். இருப்பதில் நல்லதை அவரே எடுத்து வைப்பார். சில இரவுகளில் கடைப் பையன்களுக்காக ஆக்கிய ரசமும் சோறும் எனக்குக் கிடைத்தது இந்தக் கேள்வியால்தான். நாள் முழுக்க எண்ணெய்ப் பதார்த்தம் போடும் கடையில், அதைப் போடுகிறவர்கள் தாங்கள் சாப்பிட வைத்திருப்பது எப்போதும் ரசம்தான்.

இப்படிப்பட்ட கடைகள் எல்லா ஊரிலும் பதினொரு மணிக்கு ஒரு நெருக்கடியைச் சந்திக்கின்றன. ரோந்து வண்டி தெருமுனையில் திரும்பும். விளக்கு ஒன்று அணையும். கல்லில் கிடக்கும் பரோட்டா அவசரமாக இலைக்கு வரும். “சீக்கிரம் சாப்டுட்டுக் கிளம்புங்க சார்” என்று பையன் காதோரம் சொல்லுவான். குற்றம் செய்தவர்களைப் போல் குனிந்து நாம் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க 2019இல் அரசாணையே வந்துவிட்டது. பிறகு அது நீட்டிக்கப்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் அது பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு உரியது. மாஸ்டர், இரண்டு சப்ளையர், இலை எடுக்கும் பையன், கல்லாவில் முதலாளி என்று ஐந்து பேரோடு நடக்கும் பரோட்டாக் கடை அந்தக் கணக்கில் வராது. இட்லி வண்டி அக்கா ஒற்றை ஆள்.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. குளிரூட்டிய துணிக்கடையில் நள்ளிரவில் சேலை வாங்க சட்டத்தில் இடம் உண்டு. இரவு முழுக்க மூட்டை தூக்கியவர் இரண்டு இட்லி சாப்பிட அந்த இடம் இல்லை. பத்துப் பேர் என்ற வரம்பு தொழிலாளர் பாதுகாப்பை நினைத்து வைக்கப்பட்டதாக இருக்கலாம். வார விடுமுறை, வேலை நேரம், பெண் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு என்ற நிபந்தனைகள் அவசியமானவைதான். அவற்றைச் சிறிய உணவுக் கடைக்கு ஏற்றபடி எழுத முடியாதா? மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், அரசு மருத்துவமனை, துறைமுகம் ஆகிய இடங்களைச் சுற்றி, குடிநீர், குப்பைத்தொட்டி, வெளிச்சம் ஆகியவற்றை உள்ளாட்சி செய்துகொடுத்து, சிறிய உணவுக் கடைகளை விடியவிடிய நடத்த அனுமதிக்கலாம். நல்ல வெளிச்சமும் நாலு பேர் நடமாட்டமும் உள்ள தெருவில் போலீஸுக்கும் வேலை குறைவு. எங்கள் கம்பெனிச் சகோதரி எட்டு மணிக்கே பார்சல் வாங்கிப் பையில் வைக்க வேண்டியதும் இருக்காது.

அரசு செய்யும்போது செய்யட்டும். அதுவரை, வேலைக்காக வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குள் இறங்கியதும் லாட்ஜில் பையை வைத்துவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், நைட் வண்டி ஓட்டுகிற அண்ணன் யார் என்று கேளுங்கள். அவர் எங்கே சாப்பிடுகிறாரோ அங்கே போய் உட்காருங்கள். சாப்பிட்டதும் காசைச் சில்லறையாகக் கொடுங்கள்; அந்த நேரத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை தேடி அவர்கள் எங்கேயும் போக முடியாது.